அவசரம் லேது

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



"நகைச்சுவையாகப் பத்து நிமிடம் பேசுங்கள்" என்று செயலாளர் கட்டளையிட்டார். நகைச்சுவை, நான் பணிபுரியும் இலாகாவில் அனுமதிக்கப்பட்ட பொருளன்று. அடியேன் மெட்ரிக்குலேஷன் தேறிய ஒரு ரயில்வே குமாஸ்தா. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிகந்தராபாத்தில் பாஸ் பிரிவில் எழுதுகோல் பிடிப்பவன். நாள்தோறும் ஜீடிமெட்லாவிலிருந்து பாலாநகர், போயின்பல்லி வழியாகப் பேருந்தில் நின்றுகொண்டே சென்று, அலுவலக நாற்காலியில் இளைப்பாறுகிறவன். இளைப்பாறுகிறான் என்பது என் மேலதிகாரியின் கருத்து, நான் மறுப்பதில்லை.

எங்கள் தென்மத்திய ரயில்வே 1966-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தோன்றியது. தென்னக ரயில்வேயிலிருந்து விஜயவாடா, ஹூப்ளி கோட்டங்களையும், மத்திய ரயில்வேயிலிருந்து சிகந்தராபாத், ஷோலாப்பூர் கோட்டங்களையும் எடுத்து இணைத்து, சிகந்தராபாத்தைத் தலைமையிடமாக்கினார்கள். கோட்டங்களை இணைக்க ஆணை வந்தது. ஊழியர்களின் நாக்குகளை இணைக்க இன்றுவரை ஒரு சுற்றறிக்கையும் வரவில்லை. அதை அவரவரே சொந்தப் பொறுப்பில் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

தெலுங்கு நமக்கு அந்நியமான மொழியன்று. அதுதான் தொல்லை. முற்றிலும் அந்நியமாக இருந்தால் அகராதி பார்ப்போம். பங்காளி மொழியாக இருப்பதால், தெரிந்ததாக நினைத்துக்கொண்டு தலையாட்டிவிடுகிறோம். ‘செப்பு’ என்றால் சொல் என்று நாம் தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இங்கே கத்தரிக்காய் விற்கும் அம்மாள், "செப்பண்டி" என்று புலவர் போல ஆரம்பிக்கிறாள். மனைவியை ‘இல்லாள்’ என்று நான் அழைத்தால் என் மனைவியே சிரிப்பாள். இவர்கள் ‘இல்லாலு’ என்று இயல்பாகச் சொல்கிறார்கள்.

இவையெல்லாம் நன்மை செய்யும் சொற்கள். தீமை செய்பவையும் உண்டு. நம் காலனியில் நடந்த ஒரு திருமணத்தில் பெண்ணின் சிற்றப்பா, ஊரிலிருந்து அன்றுதான் வந்தவர், மண்டபத்தின் நடுவில் நின்றுகொண்டு, "பந்தி தயார்! எல்லோரும் பந்திக்கு வாருங்கள்!" என்று முழங்கினார். தெலுங்கில் பந்தி என்றால் பன்றி. வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்காத வீட்டுத் திருமணம் அது. அக்கம்பக்கத்துத் தெலுங்கு நண்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிலர் வயிறு சரியில்லை என்று விடைபெற்றார்கள். வேறு சிலர், அவர்கள் யார் என்று நான் சொல்ல மாட்டேன், மிகுந்த ஆவலோடு முதலில் போய் உட்கார்ந்து, ரசம் வந்த பிறகு ஏமாற்றத்தோடு எழுந்தார்கள்.

என் தாயார் திருவையாற்றில் பிறந்து வளர்ந்தவர். தியாகராஜ சுவாமிகள் 1847-இல் சமாதியடைந்த அதே ஊர். ஆராதனை நாளில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் எல்லோரோடும் சேர்ந்து பிழையின்றிப் பாடுவார். அவற்றுள் ஒன்று வடமொழி, நான்கு தெலுங்கு. வாழ்நாள் முழுவதும் தெலுங்கில் இறைவனோடு பேசிய அந்த அம்மையாருக்குத் தெலுங்கில் தயிர் வாங்கத் தெரியாது. நான் அவரை இங்கே அழைத்து வந்த முதல் வாரம், வாயிலில் ஒருத்தி கூடையோடு நின்று, "பெருகு, பெருகு!" என்று கூவினாள். அம்மா உள்ளே வந்து, "நல்ல ஊரடா இது. முன்பின் தெரியாதவள் வாசலில் நின்று, ‘குடும்பம் பெருகு’ என்று வாழ்த்துகிறாள்" என்றார். வாழ்த்தியவளுக்கு வெற்றிலை பாக்கும் கொடுத்தனுப்பியிருந்தார். தயிர்தான் வாங்கவில்லை.

இனி, என்னை இருமுறை வீழ்த்திய சொல்லுக்கு வருகிறேன். ‘அவசரம்’ என்றால் நமக்கு விரைவு. தெலுங்கருக்கு அது தேவை. விரைவுக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘தொந்தர’. நம்மை விரைந்து வரும்படி அவர்கள் மரியாதையாக அழைக்கும்போது, தொந்தரவு செய்ய வரச் சொல்வது போலவே நம் காதில் விழும்.

பணியில் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஒரு பழைய கோப்பைத் தள்ளினார். "இதற்குக் குறிப்பு எழுதவேண்டுமா?" என்று கேட்டேன். "அவசரம் லேது" என்றார். வேண்டியதில்லை என்று அவர் சொன்னார். அவசரமில்லை, மெதுவாக எழுது என்று நான் கொண்டேன். மூன்று மாதம் உழைத்து, நான்கு பக்கம், சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதி வைத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் உத்தியோக வாழ்க்கையில் குறைவற முடித்த கோப்பு அது ஒன்றுதான்.

அது தெலுங்கு தெரியாததால் வந்த வினை. தெரிந்ததால் வந்த வினை வேறு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல், துணி துவைக்கும் கல்லருகே அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். என் மனைவி அவரைத் தாங்கிக்கொண்டே சுவருக்கு அப்பாலிருந்த பக்கத்து வீட்டு வதினகாருவிடம், தன் தெலுங்கில், "அவருக்குப் போன் செய்யுங்கள், அவசரம்!" என்று கத்தினாள். அந்த அம்மாள் அப்படியே செய்தார். நான் ஆவண அறையில் இருந்தேன்; மேசைமேல் இருந்த கைப்பேசியை அடுத்த நாற்காலி நண்பர் எடுத்தார். நான் திரும்பியதும் அறுவர் கேட்க அறிவித்தார்: வீட்டில் உம்முடைய அவசரம் இருக்கிறதாம்!

தெலுங்கறிந்த எனக்கு உடனே விளங்கிற்று. வீட்டில் நான் தேவைப்படுகிறேன்! மணமாகிப் பதினெட்டு ஆண்டு கழித்து ஒரு மனைவி இப்படிச் சொல்லியனுப்பினால் எந்தக் கணவனுக்குத்தான் நெஞ்சு விரியாது? நண்பர்கள் கைதட்டினார்கள். நான் அன்றைய பதிவேட்டை நிதானமாக முடித்து, அனுமதி பெற்று, வழியில் இரண்டு முழம் மல்லிகையும் அரைக் கிலோ இனிப்பும் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன். அன்று உட்கார இடமும் கிடைத்தது. அவளோ, ஆள் அப்போதே புறப்பட்டிருப்பான் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டுச் சிறுவன் மருத்துவமனையின் பெயரைச் சொன்னான். நான் போய்ச் சேரும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. வதினகாருவின் மகன், கல்லூரி மாணவன், அவரை இரு கைகளிலும் ஏந்தித் தூக்கி வந்து ஆட்டோவில் ஏற்றினானாம். மல்லிகைப் பொட்டலத்தோடு நின்ற என்னை என் மனைவி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அம்மாதான் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "பூவா வாங்கி வந்தாய்? மாலையாக வாங்காமல் விட்டாயே, அதுவரையில் சரி" என்றார்.

அறுவை சிகிச்சை நடந்தது. வீடு திரும்பிய அம்மா அதற்குப் பிறகு கட்டிலை விட்டு அதிகம் எழவில்லை. வதினகாருவின் மாமியார், எங்கள் பிள்ளைகள் அம்மம்மா என்று அழைப்பவர், பிற்பகல்தோறும் ஒரு கிண்ணத்தில் பெருகு எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். இவருக்குத் தெலுங்கு வராது. அவருக்குத் தமிழ் வராது. மூன்று மணிக்குத் தொடங்கினால் விளக்கேற்றும் வரை பேச்சு ஓயாது. ஒருநாள் நான் கேட்டேன்: "அம்மா, அந்த அம்மாள் பேசுவது உங்களுக்கு எப்படி விளங்குகிறது?" "மருமகளைப் பற்றித்தான் பேசுகிறாள். அதற்கு மொழி எதற்கடா?" என்றார். பின்னால் மெல்ல விசாரித்ததில், அம்மம்மாவும் தம் வீட்டில் இதையே சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. இந்த விஷயத்தில் இரு மருமகளும் தனியே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். அதன் விதிகள் எனக்குத் தெரியா. அம்மாவின் கீர்த்தனைகளுக்குப் பொருள் சொன்னவரும் அம்மம்மாதான். கையைக் காட்டி, முகத்தைக் காட்டி, ஒவ்வோர் அடியாக. ஐம்பது ஆண்டு பாடியதற்கு இப்போதுதான் அர்த்தம் கிடைத்ததென்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.

சென்ற மாசியில் அம்மா காலமானார்.

எங்கள் பிரிவில் பாஸ் யாவும் 2020 முதல் கணினிவழி ஆகிவிட்டன. ஊழியரின் குடும்பப் பட்டியலில் ‘விதவைத் தாயார், சார்ந்திருப்பவர்’ என்று ஒரு வரி இருக்கும். அவர் இறந்தால் அந்த வரியை நீக்க வேண்டும். நீக்காத ஊழியர்களுக்கு நினைவூட்டு எழுதுவது என் வேலை, கடுமையாகவே எழுதுவேன். என் பட்டியலில் அந்த வரி இரண்டு மாதம் அப்படியே இருந்தது. பொத்தானை அழுத்தப் போவேன். ‘உறுதிதானா?’ என்று இயந்திரம் கேட்கும். எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவேன்.

ஒருநாள் மனம் கேளாமல் மேலதிகாரியிடம் நானே சென்று, "சார், என் தாயார் பெயரை இன்னும் நீக்கவில்லை; பிழைதான்" என்றேன். பழைய கோப்பைத் தள்ளிய அதே மனிதர், இப்போது ஓய்வுக்கு நெருங்கியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தொந்தர லேது" என்றார்.

இம்முறை எனக்குச் சரியாக விளங்கிற்று. மறுநாள் காலை நானே நீக்கிவிட்டேன்.

செயலாளர் இரண்டு முறை கையசைத்துவிட்டார், உணவு ஆயத்தமாம். மூன்றாம் வரிசையில் அம்மம்மாவும் வதினகாருவும் வந்து அமர்ந்திருக்கிறார்கள். தெலுங்கு நண்பர்கள் பலரும் இருக்கிறார்கள். ஆகையால் வழக்கமான சொல்லால் அழைக்காமல், "சாப்பிட வாருங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.