பொட்டலுக்குப் பக்கத்தில் யார் வீடு?

(தென்காசியில் இளைஞர்கள் கூடிய ஒரு சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெடியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் இங்கே இரண்டு தம்பிகள் சிரித்தார்கள். ஆணவக் கொலை, பஞ்சமி நிலம், பள்ளிக்கூடத்துச் சாதிக் கயிறு என்று எவ்வளவோ இருக்கும்போது வேட்டுச் சத்தமெல்லாம் ஒரு பிரச்சினையா என்று கேட்கிற சிரிப்பு அது. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது.

முதலில் மலைக்கு அந்தப் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். இங்கிருந்து செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, புனலூர் வழியாகக் கொல்லம் போகிறோம். கொல்லத்துக்குத் தெற்கே கடலோரத்தில் பரவூர் என்று ஒரு ஊர். அங்கே புற்றிங்கல் கோயில். 2016 ஏப்ரல் 10, அதிகாலை மூன்றரை மணி வாக்கில் மீனபரணி விழாவின் வாணவேடிக்கை நடந்துகொண்டிருந்தது. ஒரு தீப்பொறி வெடிகளை அடுக்கி வைத்திருந்த கட்டடத்தில் விழுந்தது. காங்கிரீட் துண்டுகள் பறந்துபோய்த் தூரத்து வீடுகள் மேலெல்லாம் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் காயம்பட்டார்கள். பிரதமர் அன்றைக்கே வந்து பார்த்தார்.

இது பலருக்குத் தெரியும். அதற்கு முந்தைய கதைதான் எனக்கு முக்கியம். கோயிலை ஒட்டி எண்பது வயது மூதாட்டி ஒருவர் குடியிருந்தார். ஒவ்வொரு வருடமும் வெடி அதிர்ச்சியில் வீடு சேதமாகிறது என்று பல ஆண்டுகளாக அவரும் குடும்பத்தாரும் புகார் கொடுத்து வந்தார்கள். மிரட்டல்களும் வந்தன. கடைசியில் அந்த வருடம் மாவட்ட நிர்வாகம் போட்டி வாணவேடிக்கைக்கு அனுமதி இல்லை என்று எழுத்திலேயே உத்தரவு போட்டது. உத்தரவு போட்ட பிறகும் வேடிக்கை நடந்தது. ரகசியமாக அல்ல, ஆயிரக்கணக்கான பேர் பார்க்க, போலீஸ் பந்தோபஸ்தோடு நடந்தது. விபத்துக்குப் பிறகு கலெக்டர் போலீசைச் சொன்னார், போலீஸ் கலெக்டரைச் சொன்னது.

குடியிருப்பவர் சொன்னார், அதிகாரி கேட்டார், சட்டம் இருந்தது, உத்தரவும் வந்தது. அந்தக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய் “நிறுத்து” என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

சிவகாசிப் பக்கமும் இதே கதைதான். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி வெடி விபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் செத்தார்கள். காப்பாற்றவும் என்னவென்று பார்க்கவும் ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் அடக்கம். அந்த ஆலையின் உரிமம் அதற்கு முன்பே நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. 2021 அக்டோபரில் சங்கராபுரம் பட்டாசுக் கடை. 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டை, வீடுகளுக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கு, ஒன்பது பேர்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். இதே மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. ஊர்ப்பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் “அது அந்த ஊர்ப் பிரச்சினை” என்று நீங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

பெரிய கோயில் கொடைக்கு வாணவேடிக்கை நடப்பது ஒரு பொட்டலில். பொட்டலின் மேற்கே எங்கள் காலனி. கிழக்கே, சாலை தாண்டி, கல்யாண மண்டபமும் அதன் பின்னால் அதைவிடப் பெரிய காலி இடமும் உண்டு. வெடி எப்போதும் மேற்கு ஓரத்தில்தான் நடுவார்கள். ஏன் என்று சின்ன வயதில் நான் கேட்டதில்லை. கூட்டம் கிழக்கே பாதுகாப்பாக நின்று பார்க்க வேண்டுமல்லவா! பார்க்கிற கூட்டத்துக்கும் வெடிக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரத்தை எல்லோரும் கணக்குப் பண்ணினார்கள். வெடிக்கும் எங்கள் கூரைக்கும் நடுவே உள்ள தூரத்தை யாரும் அளக்கவில்லை.

ஒரு வருடம் என் அத்தை வீட்டு ஆட்டுக் கொட்டகையில் ராக்கெட் விழுந்தது. ஓலைக் கூரை. இரண்டு ஆடு போயிற்று, அத்தைக்குக் கையில் தீக்காயம். விழாக் கமிட்டியிலிருந்து ஒருவர் வந்து ஒரு தொகையைக் கொடுத்து, “சாமி காரியம்லா, பெருசு படுத்தாதீங்க” என்றார். அத்தை வாங்கவில்லை. “ஆட்டுக்குத் துட்டு தாரீக சரி, அடுத்த வருசம் எங்க வச்சுப் போடுவீக, அதைச் சொல்லுங்க” என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் மனுவாக எழுதினோம்.

கலெக்டர் அலுவலகத்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். எண் கொடுத்தார்கள். பத்து நாளில் மனு பேரூராட்சிக்கு வந்தது. அங்கே அப்போது இருந்தவர்கள் நல்லபடியாகத்தான் பேசினார்கள், அதையும் சொல்ல வேண்டும். இடம் மாற்றலாம் என்று வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டார்கள். ஒரு நாள் டேப்போடு ஆள் வந்து மண்டபத்துக்குப் பின்னால் அளந்துகூடப் போனார். எங்கள் தெருவில் அன்றைக்குக் காப்பி போட்டுக் கொடுத்தோம்.

அதோடு சரி. கொடை வந்தது, வெடி மேற்கு ஓரத்திலேயே நடப்பட்டது. பேரூராட்சியில் கேட்டால், “அனுமதி கொடுக்கிறது நாங்க இல்ல, போலீஸ்.” போலீசில் கேட்டால், “இடம் பேரூராட்சியோடது.” தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. உரிய துறை எது என்று அதில் இல்லை. அளந்த கணக்கு எங்கே என்று கேட்டதற்கு, அப்படி ஒரு ஆவணம் இல்லை என்றார்கள். டேப் பிடித்த ஆளுக்குக் காப்பி கொடுத்த டம்ளர் எங்கள் வீட்டில் இருக்கிறது, அளவு இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை சத்தம் எழுப்பும் வெடி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம், அங்கே எந்த நேரத்திலும் கூடாது. 2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த வெடிக்கும் தடை சொன்னது, தீபாவளிக்கு இரண்டு மணி நேரம் மட்டும் கொடுத்தது. தமிழ்நாட்டில் அது காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று ஆனது. இதைச் செயல்படுத்தும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடமும், நியமிக்கப்பட்ட டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியிடமும் இருக்கிறது. ஆகவே “எங்க கையில இல்ல” என்பது பொய். யாராவது ஒருவர் கையில் இருக்கிறது. பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இனிமேல் சொல்வது எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியது. இரண்டாவது மனுவுக்குக் கையெழுத்து வாங்கப் போனபோது எங்கள் தெருப் பையன்களே மறித்தார்கள். “அண்ணே, நம்ம தாத்தா காலத்துல நம்ம அம்மன் கொடைக்கு ஒரு அதிர்வேட்டுப் போட்டா அடிக்க வந்தானுவ. இப்பதான் அவனுக்குச் சமமா நாமளும் பத்தாயிரம் வாலா போடுதோம். இப்பப் போய் வெடி வேண்டாம்னு நம்மளே மனு எழுதணுமா?”

எனக்குப் பதில் வரவில்லை. தோழர்களே, அந்தப் பையன் சொன்னதில் உண்மை இருக்கிறது. கொட்டடிக்கக் கூடாது, செருப்புப் போட்டு அந்தத் தெருவில் நடக்கக் கூடாது, மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றக் கூடாது, வேட்டுப் போடக் கூடாது என்றெல்லாம் சொன்ன நாட்டில், வேட்டு என்பது வெறும் சத்தமில்லை. ‘நாங்களும் இருக்கிறோம்’ என்கிற அறிவிப்பு அது. சுற்றுச்சூழல் பேசுகிற நகரத்து நண்பர்கள் பலருக்கு இது புரிவதில்லை. தடை என்று வந்தால் போலீஸ் முதலில் யார் கொடைக்கு வந்து வழக்குப் போடும் என்பதும் அந்தப் பையனுக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அந்த வெடியைச் செய்வது யார்? வெம்பக்கோட்டைப் பக்கம் விடிகாலை வேனில் ஏறிப் போய் மருந்து இடிக்கிற பெண்கள் யார்? மறுநாள் பொட்டலில் குப்பை அள்ளுகிறவர் யார்? பத்தாயிரம் வாலா போட்டுச் சமமாவதற்கு, அதைச் செய்து கருகுகிறவரும் நாமாகவே இருக்க வேண்டுமா? இதைத்தான் அவனிடம் கேட்டேன். அவன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று நாள் பேசினோம். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான்: மனுவில் இரண்டு கொடையும் இருக்க வேண்டும். பெரிய கோயிலுக்கும் நம் அம்மனுக்கும் ஒரே இடம், ஒரே நேரம், ஒரே தூரம். முதலில் அவர்கள் கடைப்பிடிக்கட்டும் என்றோ, முதலில் நாம் விட்டுக்கொடுப்போம் என்றோ அதில் ஒரு வரி இருக்கக் கூடாது. நான் எழுதிய வரைவைவிட அது நல்ல மனு.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. நம் பக்கத்து நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் மிரளும் என்பதற்காக ஊரே வெடி போடாமல் இருக்கிறது. கொக்குக்கும் நாரைக்கும் கொடுக்கிற இடத்தை அத்தைக்கும் அவர் ஆட்டுக்கும் கேட்கிறோம்.

குற்றாலத்தில் சீசனுக்குக் குளிக்க வருகிற கூட்டத்துக்காக இங்கே ஒரே நாளில் தடுப்புக் கம்பி நடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அருவியில் தண்ணீர் கூடினால் குளிக்கத் தடை என்று சொல்லி, அதைச் செய்தும் காட்டுகிறார்கள். ஆகவே செய்யத் தெரியாமல் இல்லை.

மனு இதோ இருக்கிறது. இந்த முறை நகல் ஐந்து எடுத்திருக்கிறோம்: கலெக்டர், எஸ்.பி., டி.எஸ்.பி., பேரூராட்சி, தீயணைப்பு நிலையம். ஒவ்வொன்றிலும் மற்ற நான்கு பேருக்கும் கொடுத்திருக்கிறோம் என்று எழுதியிருக்கிறது. எந்தத் தேதிக்குள் யார் பதில் சொல்ல வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கலெக்டர் அலுவலக வாசலில் இருப்போம். கூட வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் அந்தத் தம்பியிடம் பெயர் கொடுங்கள். முதல் கைநாட்டு அத்தையுடையது. தீக்காயம் பட்ட அந்தக் கைதான். மை சரியாக ஒட்டவில்லை, இரண்டு தடவை வைத்திருக்கிறார்.