படைப்பும் எங்கள் இரண்டு கொப்பிகளும்

(நூற்றாண்டு நன்றி ஆராதனையை அடுத்து நடைபெற்ற ஒன்றுகூடலில், உயர்தர உயிரியல் வகுப்பின் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த நாங்கள் பதினொரு பேர். எங்களிடம் இரண்டு கொப்பிகள் இருந்தன. வேதபாடக் கொப்பியில் ஆறு நாட்களில் உலகம் உண்டானது. விலங்கியல் கொப்பியில் அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன. இரண்டையும் ஒன்றாகத் திறக்க நாங்கள் துணியவில்லை. ஒருத்தி மட்டும் எழுந்து, "சூரியன் நாலாம் நாள்தான் வந்ததெண்டால், முதல் மூண்டு நாளையும் எதை வைச்சு எண்ணினவை ரீச்சர்?" என்று கேட்டாள். விசுவாசம் இல்லாதவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள் என்று பதில் வந்தது. நாங்கள் சிரித்தோம். அவள் ஆலயத்துக்கு வருவது குறைந்து, பிறகு நின்றே போயிற்று.

அந்தக் கேள்வி மிகப் பழையது என்பது வயது போன பின்புதான் எங்களுக்குத் தெரிந்தது. வட ஆபிரிக்காவில் ஹிப்போ நகர ஆயராயிருந்த புனித அகுஸ்தீன் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அதைக் கேட்டார். அவை நாம் எண்ணும் சாதாரண நாட்களல்ல என்று கருதினார். இயற்கையை அறிந்தவர்கள் முன்னே வேதத்தைக் காட்டிக் கிறிஸ்தவர்கள் அறியாமையாகப் பேசுவது வெட்கக்கேடு என்றும் கண்டித்தார். எங்கள் தோழி நல்ல துணையோடுதான் நின்றிருக்கிறாள்!

ஆதியாகமத்தையே பார்ப்போம். முதலாம் அதிகாரத்தில் மரஞ்செடிகளும் விலங்குகளும் வந்த பிறகே மனிதர். இரண்டாம் அதிகாரத்தில் மனிதனை மண்ணால் உருவாக்கிய பிறகே தோட்டமும் விலங்குகளும். இரண்டையும் அருகருகே வைத்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாமலா இருந்திருக்கும்? நாட்குறிப்பு எழுதுவது அவர்கள் நோக்கமல்ல.

பாபிலோனியரின் படைப்புக் கதையில் மர்தூக் என்ற தெய்வம் தியாமத்தைக் கொன்று, அவள் உடலைப் பிளந்து உலகைச் செய்கிறது. தேவர்களின் வேலையைச் சுமப்பதற்காகவே மனிதர் உண்டாக்கப்படுகிறார்கள். ஆதியாகமத்திலோ போர் இல்லை. அயலார் வணங்கிய சூரியனையும் சந்திரனையும் அது பெயர்கூடச் சொல்லாமல் இரண்டு விளக்குகளாக்கி விடுகிறது. மனிதர் அடிமைகளல்லர், ஆணும் பெண்ணுமாக இருவருமே கடவுளின் சாயல். பெண்பிள்ளைகளுக்கென்று நடந்த ஒரு பாடசாலையில் இந்த ஒரு விஷயத்தையாவது இன்னும் உரக்கப் படிப்பித்திருக்கலாம்.

படைப்பு என்பது என்றோ ஒருநாள் நடந்து முடிந்த சம்பவம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். 13ஆம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ் வேறுவிதமாகச் சொன்னார். உலகத்துக்குத் தொடக்கம் உண்டென்பதை விசுவாசத்தால் அறிகிறோம். தர்க்கத்தால் நிறுவ முடியாது. தொடக்கமே இல்லாதிருந்தாலும் அது கடவுளைச் சார்ந்துதான் இருக்கும். அவருடைய உவமையை எங்கள் வழியில் சொன்னால், மேசன் போன பிறகும் வீடு நிற்கும்; வெயில் போன பிறகு முற்றத்தில் வெளிச்சம் நிற்காது. உலகம் அந்த வெளிச்சத்தைப் போன்றது. கடவுள் இந்த நிமிடமும் தந்துகொண்டிருப்பதால்தான் அது இருக்கிறது. ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தார் என்று திருச்சபை சொல்வதும் இந்தச் சார்பைத்தான். உயிர்கள் எப்படி வளர்ந்தன, எவ்வளவு காலம் எடுத்தன என்பவற்றை விலங்கியல் கொப்பி தாராளமாகச் சொல்லட்டும்.

விரிவடையும் பிரபஞ்சத்தைப் பற்றி 1927இல் எழுதிய ஜோர்ஜ் லெமேத்ர் பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குரு. 1951இல் பாப்பரசர் 12ஆம் பயஸ் அந்த விஞ்ஞானத்தைப் படைப்புக்குச் சான்றுபோலப் பேசியபோது சங்கடப்பட்டவரும் அவர்தான். விஞ்ஞானக் கொப்பியில் வேதபாட விடையை எழுத அவர் விரும்பவில்லை.

எங்கள் தோழி இப்போது வெளிநாட்டில் உயிரியல் படிப்பிக்கிறாள். அண்மையில் தொலைபேசியில் பேசியபோது, அன்று சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டோம். "அதை விடுங்கோ. கேட்டதுக்கு இன்னும் ஒருத்தரும் மறுமொழி சொல்லேல்லையே" என்றாள். அதனால்தான் இன்று பேசுவதற்கு இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டோம். மலர் அச்சானதும் ஒரு பிரதியை அவளுக்குத் தபாலில் அனுப்புவோம்.