தொப்புள் ஊசியும் தோல் ஊசியும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



டென்ட்ரிடிக் செல் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். காந்திபுரத்துக்காரன் எனக்கு அதை நாய்க்கடியில்தான் ஆரம்பிக்கத் தெரியும். 1971-ல் எனக்குப் பத்து வயது. கிராஸ் கட் ரோட்டில் ஒரு நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி, தினம் ஒன்றாகப் பதினான்கு நாள். ஆட்டு மூளையில் செய்த மருந்து. நரம்புத் திசு கலந்திருந்ததால் சிலருக்குப் பக்கவாதம்கூட வந்ததுண்டு. 1907-ல் தொடங்கிய நம் குன்னூர் பாஸ்டர் நிலையமும் அதைத் தயாரித்த இடங்களில் ஒன்று. 2004-ஓடு நாட்டில் அந்த மருந்துக்கு விடை கொடுத்தாகிவிட்டது.

இப்போது கதையே வேறு. எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றும் அம்மாவை நாய் கடித்து, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். "ஏனுங்க சார், ரெண்டு கையிலயும் இத்துனூண்டு மருந்தைப் போட்டு அனுப்பீட்டாங்க. இது கேக்குமுங்களா? இதுக்குப் போயி மறுக்காவும் கூலியை விட்டுட்டுப் போகோணுமா?" என்றார். அடுத்த ஊசிக்குப் போகிற எண்ணமே அவருக்கு இல்லை. எனக்குப் பகீரென்றது.

அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். 1868-ல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவ மாணவர் (மாணவர்கள் கவனிக்க!) தோலில் கிளை விரித்த செல்களைக் கண்டு, நரம்பு என்று நினைத்துவிட்டார். 1973-ல் நியூயார்க்கில் ரால்ஃப் ஸ்டைன்மன், எலியின் மண்ணீரலில் கிளை கிளையாக ஒரு செல்லைக் கண்டு, மரத்துக்கான கிரேக்கச் சொல்லால் பெயர் வைத்தார். தோலில் இருந்ததும் இந்த இனம்தான் என்று பின்னால் தெரிந்தது.

இதன் வேலை என்ன? அந்நியப் பொருளை விழுங்கி, துண்டாக்கி, அந்தத் துண்டைத் தன் மேலேயே மாட்டிக்கொண்டு அக்குளுக்குப் பயணம் போகும். 'நெறி கட்டியிருக்கு' என்கிறோமே, அந்த நெறிதான் போய்ச் சேரும் இடம். அங்கே கூடியிருக்கும் டி செல்களில் பொருத்தமானதைத் தேடித் துண்டைக் காட்டும். காட்டினால் மட்டும் போதாது. 'இது ஆபத்து' என்று இரண்டாவது சமிக்ஞையும் தரவேண்டும். அது இல்லாவிட்டால், 'நம்ம ஆள்தான்' என்று டி செல் அடங்கிவிடும். எதிர்ப்பதா, பொறுத்துப்போவதா என்பதற்கு அடி எடுத்துக் கொடுப்பது இந்தக் கிளைச் செல்தான்.

வெறிநாய்க் கிருமி தந்திரக்காரன். நரம்புக்குள் புகுந்து, சத்தமில்லாமல் மூளைக்கு ஏறுகிறது. காவலுக்கு விஷயம் தெரிவதற்குள் காரியம் முடிந்துவிடும். நோய் வெளிப்பட்டால் பிழைத்தவர் மிக அபூர்வம். அந்தப் பயணம் பெரும்பாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆவதுதான் நமக்குக் கிடைத்த அவகாசம். அதற்குள் செத்த கிருமியை டென்ட்ரிடிக் செல்லின் வாசலில் கொண்டுபோய் வைக்கிறோம். தோலில் இந்தச் செல்கள் நெருக்கம், சதையில் குறைவு. ஆகவே தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரண்டு இடத்தில், 0, 3, 7, 28-ஆம் நாட்களில் போட்டால் போதும். மொத்தமே 0.8 மில்லி! சதையில் போட்டால் ஐந்து முழுக் குப்பி வேண்டும். இந்தியாவில் 2006-ல் இதற்கு அனுமதி கிடைத்தது. ஒரு குப்பியில் பலருக்குப் போடலாம். ஏழைக்குக் குறைத்துப் போடுகிறார்கள் என்பது வீண் சந்தேகம்.

ஆனால் எதிர்ப்புச் சக்தி உருவாக ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். அதனால்தான் கடித்தவுடன் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவச் சொல்வதும், ரத்தம் வந்த கடிக்குக் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் போடுவதும். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாமுங்க.

ஸ்டைன்மனுக்குக் கணையப் புற்றுநோய் வந்தபோது, தன் டென்ட்ரிடிக் செல்களையே எடுத்துப் பழக்கித் தனக்குச் செலுத்திக்கொண்டார். நாலரை வருஷம் இருந்தார். அதனால்தான் இருந்தார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2011 செப்டம்பர் 30-ல் காலமானார். மூன்றாம் நாள் நோபல் பரிசு அறிவித்தார்கள். இறந்தது தெரியாமலே அறிவித்ததால், விதியைப் பார்த்துப் பரிசு செல்லும் என்றார்கள்.

பால்கார அம்மா 3-ஆம் நாள் போனார், 7-ஆம் நாளும் போனார். 28-ஆம் நாள் விடியற்காலையில் பால் ஊற்றும்போதே, "இன்னைக்குத்தானுங்க சார் கடைசி ஊசி, சாயந்தரப் பால் லேட்டாகும்" என்றார்.