சுவருக்குள் போகும் பணம்



எங்கள் வீட்டுச் சமையலறையில், அரிசி டிரம்முக்குப் பின்னால், வருடக்கணக்காக ஓர் ஈரக்கறை இருந்தது. என் மாமனார் 1992-ல் கும்பகோணத்தில் கட்டிய வீடு. அந்தச் சுவருக்கு மறுபக்கம் குளியலறை. மழையோ வெயிலோ, சுவர் பொரிந்து உதிர்ந்துகொண்டே இருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் சுரண்டிவிட்டுப் பெயிண்ட் அடிப்போம். ஆடி வருவதற்குள் மறுபடியும் உப்புப் பூத்துவிடும்.

சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் சமையலறையையும் குளியலறையையும் சேர்த்துப் புதுப்பித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். மொத்தம் மூன்று லட்ச ரூபாய். அதற்குமேல் கடன் வாங்குவதில்லை என்று வீட்டில் பேசி வைத்துக்கொண்டோம். நான் செய்த முதல் காரியம் டைல்ஸ் கடைக்குப் போனது. பூப்போட்டது, மார்பிள் மாதிரி இருப்பது என்று ஏழெட்டு மாதிரிகளைப் போனில் படம் பிடித்து வந்து மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை.

"டைல்ஸ் அப்புறம் பார்க்கலாம்மா. தண்ணி எங்கேருந்து வருது, எங்கே போகுது? அதை முதல்ல சொல்லுங்க" என்றார்.

இருபது வருடம் அந்த வீட்டில் சமைத்தவள் நான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று இரவு அவர் சொன்னபடி செய்தோம். மாடித் தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, வீட்டில் ஒரு குழாய் விடாமல் மூடினோம். தொட்டியின் உள்சுவரில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கரிக்கட்டியால் ஒரு கோடு. காலையில் ஏறிப் பார்த்தால் தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. யாரும் திறக்காத வீட்டில் இரவெல்லாம் தண்ணீர் போயிருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவரிலும் இப்படி ஈரம் இருந்தால், கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். மட்டம் இறங்கினால் பெரும்பாலும் தண்ணீர் வருகிற குழாயில் கசிவு. இறங்காமலே சுவர் நனைந்தால், பெரும்பாலும் குளியலறைத் தரையிலோ கழிவுக் குழாயிலோ கோளாறு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு, செலவும் வேறு.

சுவரை உடைத்தபோது உள்ளே இருந்த பழைய ஜி.ஐ. குழாய் புண்ணில் பொருக்குத் தட்டியதுபோலத் துரு ஏறியிருந்தது. ஒரு துண்டை அறுத்து என் கையில் கொடுத்தார் பிளம்பர். அரை அங்குலக் குழாய். உள்ளே துருவும் உப்பும் அடைத்து, ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறது என்று இத்தனை வருடம் ஷவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே கணக்கைத் திருப்பிப் போட்டேன். மூன்று லட்சத்தில் முப்பதாயிரத்தைத் தனிக் கவரில் போட்டு பீரோவில் வைத்தாயிற்று. பழைய வீட்டை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மீதியில் முதல் பங்கு சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் போகிற வேலைக்கு. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அதற்குப் பிறகு மிஞ்சுகிற பணத்தில்.

வெந்நீர்க் குழாய்க்கு சி.பி.வி.சி., பச்சைத் தண்ணீருக்கு யு.பி.வி.சி. போட்டோம். குழாய் பதித்ததும் பூச விடாதீர்கள். பிளம்பர்களிடம் அழுத்தம் பார்க்கிற கைப்பம்பு உண்டு. குழாயில் தண்ணீரை ஏற்றி அழுத்தம் கொடுத்து விட்டுவைத்தால், பம்பின் மீட்டரில் முள் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு, சுவர் திறந்திருக்கும்போதே இஞ்ச் டேப்பைக் குழாய் அருகில் பிடித்து, தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

குளியலறைத் தரையை உடைத்ததும் பீரோக் கவர் வெளியே வந்தது. தண்ணீர் இறங்குகிற டிராப்பே விரிசல் விட்டுக் கிடந்தது. அதை மாற்றி, தரையைக் கழுவிச் சுத்தம் செய்து, சுவரும் தரையும் சேர்கிற மூலைகளைக் கலவையால் உருட்டிப் பூசி, அதன்மேல் நீர் கசியாத பூச்சு இரண்டு கை. சுவரில் ஓரடி உயரம் வரை, ஷவர் பக்கம் ஆளுயரம் வரை. காய்ந்த பிறகு டிராப்பை அடைத்துத் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டோம். கூலி ஓடுகிறதே என்று இந்த நாளைக் குறைக்கத்தான் எல்லோருக்கும் மனம் வரும். என் கணவருக்கும் வந்தது. நான் விடவில்லை. டைல்ஸ் ஒட்டிய பிறகு இந்தப் பூச்சைத் தொட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும்.

அடுத்தது வாட்டம். ஆறடி நீளத் தரைக்கு முக்கால் அங்குலமாவது சரிவு இருந்தால்தான் தண்ணீர் தானாக ஓடும். பெரிய டைல்ஸ் பார்க்க அழகு, ஆனால் நாலு பக்கமிருந்தும் டிராப்பை நோக்கிச் சரிய வேண்டிய தரையில் அது வளைந்து கொடுக்காது. அதனால் குளியலறைத் தரைக்கு ஓரடிச் சதுரம், சொரசொரப்பாக இருப்பது. மேஸ்திரி ரசமட்டம் வைத்துப் பார்த்தார். என் மாமியார் பேரனிடமிருந்து ஒரு கோலிக்குண்டை வாங்கி மூலைக்கு மூலை உருட்டிவிட்டார். மூன்று மூலையிலிருந்து உருண்டு வந்தது. நாலாவது மூலையில் நின்றுவிட்டது. கலவை இறுகுவதற்குள் அந்த மூலையில் இரண்டு கல்லை எடுத்து மறுபடி பதித்தார்கள்.

கழிப்பறைக் கோப்பையை எதிர் மூலைக்கு மாற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. மாற்றினால் நாலு அங்குலக் கழிவுக் குழாயையும் மாற்ற வேண்டும், அதற்கும் சரிவு வேண்டும், வெளிச்சுவர் வரை தரையைக் கிழிக்க வேண்டும். ஆசையை விட்டேன். குறைந்த பணத்தில் வேலை செய்பவர்கள் கோப்பை, டிராப், சிங்க் இந்த மூன்றையும் இருந்த இடத்திலேயே விடுவது பெரிய மிச்சம். புதுக் கோப்பை வாங்கும்போது, சுவரிலிருந்து குழாயின் நடுப்புள்ளி வரை அளந்து, டைல்ஸ் கனத்தைக் கழித்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

மாமியாருக்கு முழங்கால் வலி. கோப்பைக்குப் பக்கத்தில் செங்கல் சுவரில் ஆழமாக போல்ட் போட்டுக் கைப்பிடி வைத்தோம். துண்டு போடுகிற கம்பி ஆள் பாரம் தாங்காது, அதைக் கைப்பிடியாக நினைக்கக் கூடாது. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றினோம். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டால், உள்பக்கம் திறக்கிற கதவை நாம் எப்படித் தள்ளுவது?

மின்சாரத்தில் மிச்சம் பிடிக்கவே கூடாது. கீசர் 2,000 வாட் இழுக்கும். பழைய லைட் வயரில் அதைக் கொடுக்காமல், மெயின் பாக்ஸிலிருந்து தனி வயர், 16 ஆம்பியர் பிளக், சரியான எர்த். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஈரக் கையோடு நிற்கிறவர் உடம்பு வழியாக மின்சாரம் கசியத் தொடங்கினால், நொடியில் இணைப்பைத் துண்டிப்பது அதுதான். குழந்தைகள் குளிக்கிற அறை, நேயர்களே. டைல்ஸில் பூ குறைந்தால் குறையட்டும்.

சமையலறைக்கு வருகிறேன். மாடுலர் கிச்சன் என்று விலை கேட்டதில், அது ஒன்றே எங்கள் மொத்தப் பணத்தையும் விழுங்கியிருக்கும். பழைய கடப்பாக்கல் தட்டுகள் கல்லுக் குண்டாக இருந்தன. அவற்றை உடைக்காமல் அலுமினிய பிரேம் கதவு மட்டும் போட்டோம். சிங்க்குக்கு அடியில் மரம், பலகை எதுவும் வைக்கவில்லை. மரத்தூள் பலகை ஒருமுறை நனைந்தாலே உப்பிவிடும். பிளைவுட்தான் வேண்டும் என்பவர்கள் ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள்.

மேடை உயரத்துக்கு எல்லோரும் ஒரு அளவு சொல்வார்கள். 32 அங்குலம், 34 அங்குலம் என்று. நிற்கப்போவது நீங்கள். முழங்கையை மடக்கி நின்று, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது. செங்கல்லை அடுக்கி மேலே பலகை போட்டு, நான் நிஜமாகவே சப்பாத்தி மாவு பிசைந்து பார்த்தேன். ஒரு செங்கல்லை எடுத்த பிறகுதான் சரியாக வந்தது. கிரைண்டருக்கு மட்டும் மூலையில் தாழ்வாக ஒரு கடப்பாக்கல், பக்கத்திலேயே பிளக். மாவு வழிக்கக் குனிந்து நிமிர்ந்து இடுப்பு போன பெண்களுக்கு அதன் அருமை தெரியும்.

மிச்சம் பிடித்தது எங்கே என்று கேட்பீர்கள். குளியலறைச் சுவரில் டைல்ஸ் ஏழடியோடு நின்றது, அதற்கு மேல் பெயிண்ட். சமையலறையில் மேடைக்கு மேலே இரண்டடிதான். சுவருக்குள் புதைக்கிற கலவைக் குழாய் வேண்டாம் என்று, வெளியே தெரிகிற மிக்ஸர் குழாய் வைத்தோம். எங்கள் போர் தண்ணீர் உப்பு. குழாய் பழுதானால் சுவரை உடைக்காமல் கழற்ற வேண்டுமே. சமையல் மேடையின் பழைய கிரானைட்டைப் பாலிஷ் போட்டுத் திரும்ப வைத்தோம்.

மறந்துபோனது ஒன்று. இடிபாடுகளை அள்ளிக்கொண்டு போகிற வண்டிச் செலவை யாரும் பேசி வைக்கவில்லை. கடைசியில் அதை நாங்கள்தான் கொடுத்தோம். கூலி பேசும்போதே அதையும் தாளில் எழுதுங்கள். பணத்தை வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைசிப் பத்தில் ஒரு பங்கை, ஒரு வாரம் குளித்து, சமைத்துப் பார்த்த பிறகு கொடுப்பதாக முன்பே சொல்லிவிட்டால் மேஸ்திரிக்கும் வருத்தம் இருக்காது. எங்கள் மேஸ்திரி அந்தப் பணத்தை வாங்க வந்த அன்று, அவரே ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

மீந்த ஒரு பெட்டி டைல்ஸை, மேலே பேட்ச் எண் தெரிகிற மாதிரி, பரணில் வைத்திருக்கிறேன். குழாய்ப் படங்களைப் பிரிண்ட் போட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். போன மாதம் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷினை மாட்ட ஒரு பையன் வந்தான். டிரில்லைச் சுவரில் வைத்தவன், நான் கதவைத் திறந்து காட்டியதும் நின்று பார்த்தான். நாலு விரற்கடை இடப்பக்கம் நகர்ந்து ஓட்டை போட்டான்.