போயிட்டு வர்றேன்: வொயிட் சாண்ட்ஸுக்குத் தனியா ஒரு கார் பயணம்

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு இடத்தைப் பற்றியது. அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் இருக்கிற வொயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்கா. ஒரு மார்ச் மாசம் டல்லாஸிலிருந்து அங்கே தனியா கார் ஓட்டிட்டுப் போனேன். போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் ஒரு முழு நாள். இடம் எப்படி இருக்கும்னும் சொல்றேன், தனியா போறதைப் பற்றி அங்கே எனக்கு உறைச்ச ஒரு விஷயத்தையும் சொல்றேன்.

முதல்ல இடம். பாலைவன மணல்னா நம்ம மனசில் வர்ற நிறம் பழுப்புதானே? இங்கே மணல் சுத்த வெள்ளை. காரணம், இது நம்ம கடற்கரை மணல் மாதிரி குவார்ட்ஸ் இல்லை, ஜிப்சம். உங்க வீட்டு ஃபால்ஸ் சீலிங்கில் அடிக்கிற போர்டு இருக்கே, அதே ஜிப்சம். இது தண்ணியில் கரையும். அதனால சாதாரணமா மழையும் ஆறும் இதைக் கரைச்சுக் கடலுக்குக் கொண்டுபோயிடும். ஆனா இந்த டுலரோசா பள்ளத்தாக்குக்கு வெளியே போக வழியே கிடையாது. சுற்றி மலை. மலையிலிருந்து கரைஞ்சு வர்ற ஜிப்சம், லூசெரோ ஏரியிலும் பக்கத்தில் இருக்கிற உப்பு மண் தரையிலும் தேங்கி, தண்ணி வற்றினதும் படிகமா மாறுது. வெயிலும் பனியும் அந்தப் படிகத்தை உடைக்க, தென்மேற்குக் காற்று அதைப் பொடியாக்கித் தள்ளிக்கிட்டே வருது. மொத்த மணல்வெளி 275 சதுர மைல், சுமார் 710 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி எல்லையைவிடப் பெரிசு. இதில் ஐந்தில் இரண்டு பங்குதான் பூங்கா. மீதி ராணுவத்தோட ஏவுகணைச் சோதனைத் தளம். 1933-இல் தேசிய நினைவிடமா அறிவிச்சாங்க, 2019 டிசம்பரில் தேசியப் பூங்கா ஆனது.

டல்லாஸிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர். மேற்கு டெக்ஸாஸில் வழி முழுக்க எண்ணெய்க் கிணறுகள். பம்ப் எல்லாம் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி மெதுவா ஆடிக்கிட்டே இருக்கும். நியூ மெக்ஸிகோ எல்லை தாண்டினதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடி போகும். ஆர்ட்டீசியா ஊரில் டேங்கை நிரப்பிடுங்க, அதுக்கப்புறம் மலை ஏறுற வரைக்கும் பெட்ரோல் பங்க் அபூர்வம். சுமார் 8,600 அடி உயரத்தில் க்ளவுட்கிராஃப்ட்னு ஒரு ஊர், சுற்றிலும் பைன் காடு. அங்கேயிருந்து அலமகோர்டோவுக்கு இறங்குற வழியில் ஒரு சுரங்கப்பாதை வரும். அதைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டி மேற்கே பார்த்தா, தூரத்தில் தரையில் யாரோ சுண்ணாம்பால் கோடு போட்ட மாதிரி ஒரு வெள்ளை. அதுதான்.

பூங்காவுக்குள்ளே தங்க ஹோட்டல் கிடையாது, அதனால அலமகோர்டோவில் ரூம் போட்டேன். ராத்திரி அம்மாவுக்கு போன். "ஒத்தையிலயா போற? கூட ஒரு ஆள் இருந்தா எனக்கு நிம்மதியா இருக்குமே"ன்னாங்க. இதைக் கேட்காத அம்மா இருக்க முடியுமா? நானும் "ஒண்ணும் ஆகாதும்மா"ன்னு சொன்னேன். இதைச் சொல்லாத பிள்ளையும் இருக்க முடியாது. ஆனா போனை வெச்சப்புறம் அந்தக் கேள்வியை நேர்மையா யோசிச்சுப் பார்த்தேன். கூட ஒரு ஆள் இருந்தா நிஜமாவே பாதுகாப்பா?

2015 கோடையில் இதே பூங்காவில், ஆல்கலி ஃப்ளாட்ங்கிற நடைபாதையில், ஒரு தம்பதி வெயிலில் இறந்துபோனாங்க. கூட வந்த சின்னப் பையன் மட்டும் பிழைச்சான். அவங்க தனியா போகலை. மூணு பேர். ஒருத்தர்மேல ஒருத்தருக்கு அக்கறை இல்லாமலும் இல்லை. இருந்த தண்ணியில் பையனுக்குத்தான் அதிகமா கொடுத்திருக்காங்க. மூணு பேருக்கும் சேர்த்து அந்தத் தண்ணி பத்தலை, அவ்வளவுதான். அந்த வெள்ளை மணலுக்கு நாம எத்தனை பேர் வந்திருக்கோம்னு கணக்கு கிடையாது. எவ்வளவு தண்ணி, எத்தனை மணி, எங்கே திரும்பறோம், இதுதான் கணக்கு.

ரேஞ்சர்கள் சொல்ற விதிகள் எளிமையானவை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணி, அதாவது கிட்டத்தட்ட 4 லிட்டர். விசிட்டர் சென்டரைத் தாண்டினா ஒரு சொட்டுத் தண்ணி கிடைக்காது. கைத்தண்ணி பாதி ஆனதும் திரும்பிடணும். 85 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 29 செல்சியஸைத் தாண்டிட்டா நடக்கவே ஆரம்பிக்கக் கூடாது. சென்னைக்காரங்களுக்கு இதைக் கேட்டா சிரிப்பு வரும். 29 டிகிரியா, அது நமக்கு மார்கழி மதியம்ல? ஆனா அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மேலேயிருந்து ஒரு வெயில், வெள்ளை மணலில் பட்டுக் கீழேயிருந்து இன்னொரு வெயில். காற்று ரொம்ப வறட்சி, வேர்க்கிறதே தெரியாம காய்ஞ்சிடும். உடம்பு தண்ணியை இழக்குறது நமக்கே தெரியாது. இதில் ஒரு வேடிக்கை, ஜிப்சம் சூட்டை அவ்வளவா வாங்காது. வெறுங்காலில் நடந்தாலும் மணல் இதமா இருக்கும். கால் "ஒண்ணுமில்லை, போ"ன்னு சொல்லும். கால் பேச்சைக் கேட்காதீங்க.

காலையில் கேட் திறந்ததும் உள்ளே போயிட்டேன். ஒரு காருக்கு 25 டாலர். டியூன்ஸ் டிரைவ்னு 8 மைல் ரோடு. முதல் 5 மைல் தார், அதுக்கப்புறம் இறுக்கி அழுத்தின ஜிப்சம். ரெண்டு பக்கமும் வெள்ளை மேடு, பனி ஊருக்குள்ளே ஓட்டுற மாதிரியே இருக்கும். வழியில் குடும்பம் குடும்பமா ஆட்கள். பிளாஸ்டிக் தட்டில் உட்கார்ந்து சர்ர்னு சறுக்குறாங்க. நானும் தட்டு வாங்கி, மெழுகு தேய்ச்சு, நாலு தடவை சறுக்கினேன். தனியா சறுக்கினா கூச்சமா இருக்குமான்னு கேட்டா, முதல் தடவை மட்டும்தான்.

ஆல்கலி ஃப்ளாட் ரோட்டோட கடைசியில் ஆரம்பிக்குது. போக வர 5 மைல். பாதைன்னு தரையில் எதுவும் இருக்காது, ஏன்னா மேடுகள் நகர்ந்துக்கிட்டே இருக்கும். தூரத்தில் நட்டிருக்கிற குச்சிகள்தான் வழி. சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி சிவப்பு அடையாளம். ஒரு குச்சிக்கிட்ட நின்னு அடுத்த குச்சி எங்கேன்னு தேடணும், போகணும், திரும்ப நிக்கணும். அடுத்த குச்சி கண்ணுக்குத் தெரியலைன்னா மேலே போகக் கூடாது, இது அங்கே விதி.

வசந்த காலத்தில் அங்கே காற்று அதிகம். ஒரு மணி நேரம் நடந்திருப்பேன், மேடுகளோட உச்சியிலிருந்து மணல் புகை மாதிரி கிளம்ப ஆரம்பிச்சது. நான் நின்ன குச்சிக்கு அடுத்தது தெரியலை. திரும்பிப் பார்த்தேன், ஏறி வந்த மேட்டில் என் காலடித் தடம் பாதி அழிஞ்சிருந்தது. பின்னாடி இருந்த குச்சி மட்டும் தெரிஞ்சது. திரும்பிட்டேன். அவ்வளவு தூரம் வந்துட்டு நடையை முடிக்காம திரும்புறது வலிக்கத்தான் செஞ்சது. ஆனா வாக்குவாதம் பண்ணவோ, "இன்னும் கொஞ்ச தூரம்தானே"ன்னு இழுக்கவோ பக்கத்தில் ஆள் இல்லாதது அந்த நிமிஷத்தில் ஒரு வசதி.

என் தடம் பத்து நிமிஷத்தில் போயிடுச்சு. ஆனா அதே பூங்காவில், மக்கள் போக முடியாத ஒரு பகுதியில், பல ஆயிரம் வருஷப் பழைய காலடித் தடங்கள் இருக்கு. பழைய ஏரிக்கரையோட ஈர மண்ணில் பதிஞ்சு, மேலே வண்டல் மூடிப் பாதுகாத்த தடங்கள். அதில் சிலது 21,000 முதல் 23,000 வருஷம் பழசுன்னு 2021-இல் ஒரு ஆய்வு வந்தது. அதுக்கு முந்தின வருஷம் வெளியான இன்னொரு ஆய்வு வேற ஒரு தடவரிசையைப் பற்றியது. குறைஞ்சது 10,000 வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணோ, இல்லை ஒரு இளவயசுப் பையனோ, குழந்தையை இடுப்பில் தூக்கிட்டு அந்தச் சேற்றில் வேகமா நடந்திருக்காங்க. சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நேர்கோட்டில். நடுநடுவே குழந்தையைக் கீழே இறக்கி விட்டிருக்காங்க, சின்னப் பாதம் பதிஞ்சிருக்கு. சில மணி நேரத்தில் அதே வழியில் திரும்பி வந்திருக்காங்க. வரும்போது குழந்தை இல்லை. எங்கேயோ, யாருக்கிட்டயோ விட்டுட்டு வந்திருக்கணும். போனதுக்கும் வந்ததுக்கும் நடுவில் ஒரு மாமூத் யானையும் ஒரு ராட்சத ஸ்லாத்தும் அந்தத் தடத்தைக் குறுக்கே கடந்திருக்கு.

போன தடம், வந்த தடம், ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில். நம்ம வீடுகளில் கிளம்பும்போது "போறேன்"னு சொன்னா திட்டு விழும், "போயிட்டு வர்றேன்"னு சொல்லணும். சின்ன வயசில் அதைச் சகுனம்னு நினைச்சேன். இப்போ அது ஒரு பயணத் திட்டம்னு தோணுது. வர்றதையும் சேர்த்து முடிவு பண்ணிட்டுத்தான் கிளம்பணும்.

அதனால தனியா போக ஆசைப்படுறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். தைரியம் வந்தப்புறம் போகலாம்னு காத்திருக்காதீங்க. திரும்புற நேரத்தை முடிவு பண்ணி ஒருத்தர்கிட்ட எழுதிக் கொடுங்க. எந்த நடைபாதை, எத்தனை மணிக்கு மெசேஜ் வரும், வரலைன்னா எந்த நம்பருக்குக் கூப்பிடணும், மூணும் இருக்கணும். மணல்மேட்டுக்குள்ளே சிக்னலை நம்பாதீங்க. ஏவுகணைச் சோதனை நாளில் 70-ஆம் எண் நெடுஞ்சாலையையும் பூங்காவையும் சில மணி நேரம் மூடுவாங்க, முன்னாடியே பூங்காவோட இணையதளத்தில் பார்த்துக்கோங்க. மணலில் ஏதாவது உலோகத் துண்டு கிடந்தா தொடாதீங்க, ரேஞ்சர்கிட்ட சொல்லுங்க. லாஸ் க்ரூசஸ் பக்கம் போறீங்கன்னா வழியில் எல்லைக் காவல் சோதனைச் சாவடி வரும், பாஸ்போர்ட், விசா காகிதம் எல்லாம் கையில் இருக்கட்டும்.

அன்னைக்குச் சாயங்காலம் ரோட்டோரத்திலேயே ஒரு மேட்டில் உட்கார்ந்து சூரியன் மறையுறதைப் பார்த்தேன். வெள்ளை முதல்ல ரோஸ் ஆச்சு, அப்புறம் நீலம். பூங்கா மூடுறதுக்கு முன்னாடி வெளியே வந்து, சிக்னல் கிடைச்சதும் அம்மாவுக்கு ரெண்டே வார்த்தை அனுப்பினேன்: "வந்துட்டேன்மா, சாப்பிடறேன்."

அவ்வளவுதான் மக்களே. அடுத்த எபிசோடில் பேசுவோம். போயிட்டு வர்றேன்!