ஒரே ஆள், இரண்டு அபிப்பிராயம்



"புது மேனேஜர் சரியான சிடுமூஞ்சியாம்." யாராவது இப்படிச் சொல்லி வைத்தால் போதும். மறுநாள் அவர் தொண்டையைச் செருமினால்கூட நமக்குக் கோபமாகத்தான் கேட்கும்.

1946-ல் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். முகம் தெரியாத ஒருவரின் குணங்களை இரண்டு குழுவினருக்கு வாசித்தார்: அறிவாளி, திறமைசாலி, உழைப்பாளி, எச்சரிக்கையானவர்... இரண்டு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே பட்டியல். நடுவில் ஒரு சொல் மட்டும் வேறு. ஒரு குழுவுக்கு 'பாசமானவர்', மற்றதற்கு 'ஒட்டாதவர்'. முதல் குழுவில் பெரும்பாலோர் அவரைத் தாராள மனசுக்காரர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார் என்றார்கள். அடுத்த குழுவில் அப்படிச் சொன்னவர்கள் சொற்பம். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'பணிவாகப் பேசுபவர்', 'வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுபவர்' என்று மாற்றியபோது பெரிய வித்தியாசம் இல்லை! பேச்சில் கறாரானவர்கள் கொஞ்சம் நிம்மதி அடையலாம்.

இது காகிதத்தில். நேரில்?

1950-ல் ஹெரால்ட் கெல்லி என்ற உளவியலாளர், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஒரு வகுப்புக்குப் புது ஆசிரியரை அனுப்பினார். முன்னதாக மாணவர்களுக்கு அவரைப் பற்றி ஒரு சீட்டு. பாதிப் பேருக்குப் 'பாசமானவர்', மீதிப் பேருக்கு 'ஒட்டாதவர்'. எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, அதே மனிதரைத்தான் கேட்டார்கள். பிறகு நடந்த கலந்துரையாடலில் 'பாசமானவர்' என்று படித்தவர்களில் 56 சதவீதம் பேர் அவரோடு வாய் திறந்து பேசினார்கள். மற்றவர்களில் 32 சதவீதம்தான்.