கார்டைக் கழற்றியது யார்?

(நமது சங்கத்தின் மும்பைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாராவியிலிருந்து சாக்கிநாக்கா வரை நம் சந்துகளில் விரல் போனவர்கள் எத்தனை பேர் என்று நாம் கணக்கெடுத்ததில்லை. எடுக்கத் தேவையும் இல்லை. டீக்கடையில் கிளாஸைப் பிடிக்கும்போதே தெரிந்துவிடுகிறது. எப்படிப் போனது என்று கேட்டால், "என் கவனக்குறைவுதான்" என்று அவர்களே சொல்கிறார்கள். முதலாளி சொல்லிக்கொடுத்த பாடத்தை நம் ஆட்களே ஒப்பிக்கிறார்கள். அந்தச் சொல்லைத்தான் இன்று விசாரிக்க வேண்டியிருக்கிறது.

சிறு பட்டறைகளில் நாம் அதிகம் பார்ப்பது பழைய சாவி கிளட்ச் பிரஸ். மோட்டார் ஓடுகிற வரைக்கும் அந்தக் கனத்த சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் உள்ளே ஒரு சாவி திரும்பிச் சக்கரத்தையும் தண்டையும் பிணைக்கும்; பஞ்ச் இறங்கிவிடும். இறங்கத் தொடங்கிய பிறகு நடுவில் நிறுத்த வழி கிடையாது. காலை எடுத்தாலும் நிற்காது. சுவிட்சை அணைத்தாலும் நிற்காது, சக்கரத்தில் ஏறியிருக்கிற வேகமே போதும். சாவி தேய்ந்துபோனால், ஸ்பிரிங் தளர்ந்துபோனால், ஒரு மிதிக்கு இரண்டு அடி அடிக்கும். முதல் அடி விழுந்ததும் தகட்டை எடுக்கக் கை உள்ளே போயிருக்கும். அப்போது இரண்டாவது அடி விழும். இதில் தொழிலாளியின் கவனக்குறைவு எங்கே இருக்கிறது?

ஆகவேதான் டையைச் சுற்றி கார்டு வேண்டும் என்கிறோம். தகடு நுழையலாம், விரல் நுழையக்கூடாது. வைக்கவும் எடுக்கவும் இடுக்கி அல்லது காந்தக் கம்பி. சில பட்டறைகளில் சென்சார் விளக்கு மாட்டிவிட்டுப் பெருமை பேசுகிறார்கள். நடுவில் நிற்கத் தெரியாத பிரஸ்ஸுக்குச் சென்சார் சொல்லி என்ன பயன்? இன்னும் சிலர் கையுறையைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிறார்கள். பஞ்சுக்குக் கையுறை ஒரு பொருட்டா? லேத்திலும் டிரில்லிலும் அதே கையுறைதான் எமன். சுற்றுகிற பிட் நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பிள்ளைகளின் மணிக்கட்டில் கோயில் கயிறு கட்டி அனுப்பும் தாய்மார்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த மெஷின்களில் நிற்கிறவருக்குக் கயிறும் கூடாது, தொளதொளவென்ற முழுக்கைச் சட்டையும் கூடாது.

எங்கள் ரயில்வேயில், கேபினில் பாயிண்ட் சரியாக அமையாவிட்டால் சிக்னல் லீவர் இழுத்தாலும் வராது. கேபின்காரர் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் வராது. மனிதன் களைத்துப்போவான், தவறுவான் என்று தெரிந்துதான் பூட்டை இரும்பிலேயே வைத்தார்கள். பட்டறையில் மட்டும் பன்னிரண்டு மணி நேரம் நின்றவனுடைய கண்ணை நம்பச் சொல்கிறார்கள்.

கார்டு இல்லாமலா மெஷினை வாங்கினார்கள்? பல இடங்களில் அது மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. கார்டு போட்டால் உருப்படி குறையும், பீஸ் ரேட்டில் கூலியும் குறையும். மேஸ்திரி "கழற்று" என்று வாயால் சொல்வார், எழுதித் தர மாட்டார். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவே, மெஷின் ஓடும்போது தடுப்பு அதன் இடத்தில் இருந்தாக வேண்டும் என்று சொன்னது. எழுதி எத்தனை வருஷம் ஆகிறது!

இந்தக் கழற்றுகிற விஷயம் எவ்வளவு பெரியது என்பதைப் பாருங்கள். 2024-இல் நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளை, 25 வயது, ஒரு கையில் இரண்டு விரல்களை இழந்தார். எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை, ஈ.எஸ்.ஐ. கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டிவிட்டு, கையில் 30,000 ரூபாய் கொடுத்து, எழுதிவைத்த தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு கையில் இரண்டு விரலுக்கு 20 சதவீத இழப்பு. மாதக் கூலி 15,000. அதில் 60 சதவீதம் 9,000. 25 வயதுக்கான பெருக்கெண் 216.91. பெருக்கி, அதில் 20 சதவீதம் எடுத்தால் 3,90,438 ரூபாய்! உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்குகிற தாள் அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி செல்லாது.

வழக்குப் போட்டோம். முதலாளி தரப்பு என்ன சொன்னது தெரியுமா? "கார்டைக் கழற்றியது அவன்தான்." தொழிலாளி வேண்டுமென்றே தடுப்பைக் கழற்றியதால் விபத்து என்றால், மரணமோ முழு ஊனமோ அல்லாத காயத்துக்கு இழப்பீடு கிடையாது என்று சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டார்கள். மேலே இருப்பவர் சொல்லிக் கழற்றினால் அது "வேண்டுமென்றே" ஆகாது என்பது நமது வாதம். ஆனால் அதை யார் சொல்வது? பக்கத்து மெஷினில் நின்ற பீகார்த் தம்பி சொன்னார். கார்டு மூன்று மாதமாக மூலையில் கிடந்தது, மேஸ்திரிதான் கழற்றச் சொன்னார் என்று இழப்பீட்டு ஆணையர் முன்னால் சொன்னார். மறுநாள் அவருக்கு வேலை இல்லை. வேறு பட்டறையில் சேர்த்துவிட்டோம். அவருக்கு நம் பாஷை தெரியாது, நமக்கு அவர் பாஷை அரைகுறை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் புதிய சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. 1948 சட்டத்தில் மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை. இப்போது 20 பேர் வேண்டும். பதிவேட்டில் 19 பேரைக் காட்டினால் போதும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இருப்பார்கள். ஆனால் ஈ.எஸ்.ஐ.க்கு எண்ணிக்கை இன்றைக்கும் 10-தான். 10 பேர் உள்ள இடத்தை ஆபத்தில்லாமல் வைத்திருப்பதும், நியமனக் கடிதம் கொடுப்பதும் முதலாளியின் கடமை. அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். கடிதம் இல்லாவிட்டால், விபத்து நடந்த மறுநாளே "இவன் யாரென்றே தெரியாது" என்பார்கள். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று தோன்றினால் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கிற உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. கார்டு கழற்றியவர் பற்றிய அந்தப் பழைய வாசகமும் புதிய தொகுப்பில் தொடர்கிறது.

ஆகவே கார்டு இல்லாத பிரஸ்ஸில் நிற்கச் சொன்னால், முதல் நாளே கைப்பேசியில் படம் எடுங்கள். "கார்டு இல்லை, மாட்டிக் கொடுங்கள்" என்று மேஸ்திரிக்கு ஒரு வரி அனுப்புங்கள். தமிழில் எழுத வேண்டாம், அவருக்குப் புரிகிற பாஷையில் எழுதுங்கள். அதே செய்தியைச் சங்கத்துக்கும் அனுப்புங்கள். தேதியோடு அது நம்மிடம் இருக்கும். இரண்டு அடி அடிக்கிற மெஷினைப் பற்றியும் அப்படியே எழுதுங்கள்.

விரல் துண்டாகிவிட்டால் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியில் வைத்து, ஆளோடு கொண்டுபோங்கள். நேராகப் பனிக்கட்டியில் போடாதீர்கள். இதை வீட்டுப் பெண்களும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குச் சங்க அறையில் இருக்கிறோம். ஈ.எஸ்.ஐ. எண், சம்பளச் சீட்டு, எது கையில் இருந்தாலும் எடுத்து வாருங்கள். எதுவும் இல்லாதவர்கள் முதலில் வாருங்கள்.